மிஸ்ஸோடு செசிலி ஓடிய ரேஸ்

ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் செசிலி இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிக் கூடை சுமக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேல் டிவிசன் பிள்ளை மடுவத்தில், மலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. வேலை உனக்குத்தான் என்றார்கள். ஆனால் வீட்டிலிருந்து ஐந்து மைல். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. புருஷன் மாணிக்கராஜ் தன் தம்பியின் பழைய ஸ்கூட்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். லைசன்ஸ்தான் வரவில்லை.

லைசன்ஸுக்கு ஓட்டிக் காட்டும் ட்ரையலில் இரண்டு முறை தோற்றாள். மூன்றாவது வருகிற வெள்ளிக்கிழமை. அதிலும் தோற்றால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

ஓட்டத் தெரியாமல் இல்லை. கண்தான் சொன்னபடி கேட்கவில்லை. மலையில் நிற்பவள் அடுத்த அடியைப் பார்த்துத்தான் கால் வைப்பாள். தண்ணீர் ஓடும் கான் இருக்கும், வழுக்குக் கல் இருக்கும், பாம்பும் இருக்கும். அதே கண்ணோடு ஸ்கூட்டியில் ஏறியவள் முன்சில்லையே, உருளும் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில்லைப் பார்த்தால் வண்டி ஆடும். ஆடினால் கால் தரையைத் தேடும். கால் பட்டால் ட்ரையல் அத்தோடு சரி.

பெண்களுக்கு ஓட்டப் பழக்க பண்டாரவளையிலிருந்து வரும் றின்ஸா அவளைவிடப் பதினேழு வயது இளையவள். "தூரமா பாருங்க அக்கா" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை வற்றிப்போயிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்த பிறகு இருவரும் ஆளுக்கொரு ஸ்கூட்டியோடு தொழிற்சாலை ரோட்டில் நின்றார்கள். தோட்டத்தில் வளைவில்லாத ரோடு அது ஒன்றுதான். லீவு நாள், லொறி வராது.

"சொல்லி அலுத்துப் போச்சு. ரேஸ் ஒண்டு போவமா, அந்தச் சவுக்கு மரம் மட்டும்?" என்றாள் றின்ஸா.

"ஐயோ மிஸ், நம்மளால ஆகுமா?"

"ஏன், தோத்தா வெக்கமா?"

வேடிக்கை பார்க்க வந்திருந்த மாணிக்கராஜ் தோளிலிருந்த துவாயை எடுத்துக் கொடி மாதிரிப் பிடித்தான். "மிஸ், இவ தோத்தா ராத்திரிச் சமையல் நான்."

"ஜெயிச்சா?" என்றாள் செசிலி.

"ஜெயிச்சாலும் நான்தான். நீ அப்புறம் தரையில நிப்பியா?"

துவாய் விழுந்தது. அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி ரோட்டில் படுத்தது. செசிலி வழக்கம்போலக் கீழே பார்த்தாள். சில்லைக் காணோம், ரோட்டைக் காணோம். எல்லாம் பால் வெள்ளை. கண்ணுக்கு அகப்பட்டது முன்னால் போகும் மிஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும். அதைத் தொலைத்துவிடக் கூடாதே என்று அதையே பார்த்தாள். வண்டி போகிறதா, மலைதான் பின்னால் நகர்கிறதா என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் தேயிலை, தேர் வரும்போது ஒதுங்கும் சனத்தைப் போல விலகி விலகிப் போனது. சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. தலையில் கூடைப் பட்டி இல்லை, முதுகில் பாரம் இல்லை. இப்படி ஒரு நாளும் அவள் எங்கேயும் போனதில்லை.

பத்து முழ வித்தியாசத்தில் மரத்தடிக்கு முதலில் போய்ச் சேர்ந்தவள் றின்ஸாதான். "நான்தான் முன்னுக்கு!" என்று கத்தியவள், திரும்பிப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "அக்கா, வழியில ஒருக்காவாவது கால ஊண்டினீங்களா?"

செசிலி யோசித்தாள். "தெரியலயே மிஸ். இன்னொரு தரம் ஓடுவோம்."

நான்கு தரம் ஓடினார்கள். நாலாவது தரம் பனிக்குள்ளிருந்து, "வழி விடுங்க மிஸ்!" என்று குரல் வந்தது. றின்ஸா ஒதுங்கினாள். பயந்து ஒதுங்கினாளா, பாவம் பார்த்து ஒதுங்கினாளா என்று செசிலி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாஸானாள்.

முதலாம் தேதி விடியலில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கூடையோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் ஹோர்ன் சத்தம் கேட்டு ஓரமாக நின்றார்கள்.

"ஏய் செசிலி, தொரைச்சாணி ஆயிட்டியா? எங்கள ஏறெடுத்தும் பாக்க மாட்டேங்கிற?"

"பாத்தா விழுந்துருவேன்டி!" என்று சொல்லிக்கொண்டே அவள் மேட்டில் ஏறிப் போனாள்.