மூன்று சிரிப்பு என்னுடையது

குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கும் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் படிப்பதற்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று லாட்ஜ்காரர்கள் கேட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் தேய்த்தவனிடம் முதுகைப் பற்றி நிறையக் கதை இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். இருக்கிறது. ஆனால் நான் எழுதப் போவது விலாவைப் பற்றி.

1. முதல் நாள்

ஐம்பதுகளின் பின்பாதியில் ஓர் ஆனி மாதம், அருவிக்குப் போகும் வழியில் இருந்த ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தேன். பின்பக்கம் தகரக் கொட்டகை, அதில் வரிசையாக மரப்பலகை. ஏழெட்டுப் பெரிய மனிதர்கள் கோவணத்தோடு, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒருவர் வில்லை வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். பாட்டு சகிக்கவில்லை. ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

"இதை எப்படி அண்ணாச்சி பொறுத்துக்கிட்டு இருக்காவ?" என்று எங்கள் மேஸ்திரியிடம் கேட்டேன்.

"எங்கலே போவாவ? எண்ணெ ஊற அரைமணி நேரம் வேணும். அதுக்கு முந்தி அருவிக்குப் போனா தேச்சது வீணு. இந்தக் கோலத்துல ரோட்டுக்கும் போவ முடியாது. பாடுதவனுக்கு இத விட நல்ல கூட்டம் எங்கன கிடைக்கும்?"

விஷயம் இதுதான். ஆடி பிறந்தால் ஊருக்கு ஊர் கோயில் கொடை; அந்தத் திருவிழாவில் வில்லுப்பாட்டு இல்லாமல் இருக்காது. புதிதாகக் கட்டிய பாட்டையும் கதையையும் வில்லுப்பாட்டுக்காரர்கள் அதற்கு முன்னால் யாரிடமாவது பாடிப் பார்த்தாக வேண்டும். அதனால் தென்காசி, இலஞ்சி, செங்கோட்டைப் பக்கத்துக் கலைஞர்கள் ஆனியில் திங்கட்கிழமைதோறும் காலையில் எங்கள் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். மேடையும் கிடையாது, மாலையும் கிடையாது. எண்ணெய்ச் சபை என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. வில்லுப்பாட்டு மட்டும் இல்லை, நாடகம் எழுதுகிறவர்களும் வருவார்கள். ஒரு தடவை சீட்டு வித்தைக்காரர் ஒருவர் வந்தார். சீட்டில் எண்ணெய் பட்டு, அவர் மறைத்து வைத்திருந்தவை ஒவ்வொன்றாக நழுவி விழுந்தன. அந்த வருஷம் அதற்குத்தான் அதிகக் கைதட்டல்.

சபையில் எங்களுக்கும் ஒரு வேலை இருந்தது. பாடி முடித்தவர் கருத்துக் கேட்பது பலகையில் இருக்கும் பெரிய மனிதர்களிடம் இல்லை, எங்களிடம். மரியாதைக்குச் சிரிக்கிறவருக்கு வாய் மட்டும்தான் சிரிக்கும். நிஜச் சிரிப்பு வாய்க்கு வருமுன்னே தோளுக்கு வந்துவிடும். தோளில் கை வைத்திருப்பவனுக்கு அது தெரியும். "ரெண்டாம் பாட்டுல அஞ்சு தோளு ஆடிச்சு, மத்ததெல்லாம் கட்டை" என்று சொல்வோம். அதை வைத்து அவர்கள் வெட்டுவார்கள், ஒட்டுவார்கள்.

2. மாடசாமியின் பேய்

இலஞ்சி மாடசாமி என் வயசுக்காரன், என் சிநேகிதன். இரண்டு வருஷமாகச் சபையில் பாடியும் ஒரு கொடைகூடக் கிடைக்கவில்லை. அவனுக்குக் குடம் அடித்தது அவன் மாமனார். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது ஆனியில் அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த வருசமும் கொடை இல்லைன்னா வில்லை அவுத்துப் பரண்ல போடும். செங்கோட்டை மரக்கடையில தடி தூக்க ஆள் கேக்கான்."

கொடை கிடைக்க வேண்டுமானால் ஏஜெண்ட் சங்கரலிங்கம் மனது வைக்க வேண்டும். ஊர்களுக்கு வில்லுப்பாட்டுச் செட்டுப் பேசிவிடுகிறவர் அவர். சாரல் சீசனுக்குத் தவறாமல் வருவார், என் பலகையில்தான் உட்காருவார். எப்பேர்ப்பட்ட வேடிக்கைக்கும் முகம் மாறாது. ஆனால் கடைசி விலா எலும்புக்குக் கீழே விரல் பட்டால் குழந்தை மாதிரி நெளிவார். அது போன வருஷமே எனக்குத் தெரியும்.

மாடசாமி அந்த வருஷம் கட்டியிருந்தது, ஒரு பேய் திருநெல்வேலி போகத் தென்காசியில் பஸ் ஏறுகிற கதை. பேயின் பல்லுக்கு ஒரு பாட்டு, முடிக்கு ஒன்று, நடைக்கு ஒன்று. எனக்குப் பாடிக் காட்டினான். மூன்றும் கட்டை. அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நீரு பாடும். சிரிப்பை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"நீரு எப்படிவே பாப்பீரு?"

"அது என் தொழில்."

திங்கட்கிழமை வந்தது. ஏஜெண்ட் பலகையில் உட்கார்ந்தார், நான் பின்னால். பல் பாட்டு முடிகிற இடத்தில் விலாவில் லேசாக ஓர் அழுத்து. ஏஜெண்ட் 'ஹக்' என்று சிரித்தார். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. முடிப் பாட்டுக்கு இரண்டு விரல் வைத்தேன். நடைப் பாட்டுக்கு எனக்கே உற்சாகம் வந்து இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டேன். மனிதர் பலகையை விட்டு வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். தூக்கி உட்கார வைத்தேன்.

இப்படி ஒரு சிரிப்பை மாடசாமி பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மிரண்டுபோனான். அடுத்த அடி மறந்துவிட்டது. மாமனார் குடத்தை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார், அவனுக்கு ஒன்றும் நினைவு வரவில்லை. வாயில் வந்ததைப் பேச்சாகவே சொல்ல ஆரம்பித்தான்:

"பஸ்ஸு வந்துட்டு. எல்லாவனும் சன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கான். பேய்க்குத் துண்டுக்கு எங்க போவ? தலையைக் கழத்தி சீட்டுல போட்டுட்டு. பக்கத்துல இருந்த பொம்பள சொல்லுதா, 'ஏ அய்யா, இது யாரு தலை? எடுத்துக்கிடும். இது எங்க மாமாவுக்குப் போட்ட இடம்.'"

அப்போது நான் எண்ணெய்க் கிண்ணத்தில் கையை விட்டிருந்தேன். ஏஜெண்டின் தோள் தானாகக் குலுங்கியது.

3. விலா சொன்னது

சபை கலைந்ததும் ஏஜெண்ட் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே முத்தையா, மூணு தடவை என்னைச் சிரிக்க வச்சது யாரு?"

"மாடசாமிதான், அண்ணாச்சி."

"என் விலா எங்கிட்டச் சொல்லாதாலே?"

கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. அவர் லாட்ஜில் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போய்விடும்.

"நாலாவது?" என்றார்.

"அப்ப என் கை கிண்ணத்துல இருந்துச்சு, அண்ணாச்சி."

"தெரியும். அந்த மூணையும் கழிச்சுட்டு பஸ்ஸை மட்டும் பெருசாக் கட்டச் சொல்லு. ஆடி ரெண்டாஞ் செவ்வா, மேலகரத்துல கொடை. மூணுல ஒண்ணு காதுல விழுந்தாலும் பாதியில இறக்கிருவேன்."

வாசலில் மாடசாமி தரையில் கால் பாவாமல் நின்றான். "பாத்தீராவே, மூணு பாட்டுக்கும் எப்படிச் சிரிச்சாரு. அதை அஞ்சாக்கப் போறேன்" என்றான்.

இனி மறைத்தால் கொடையே போய்விடும். சொன்னேன். அவன் முகம் போன போக்கை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அப்ப என் பாட்டுக்கு ஒருத்தரும் சிரிக்கலியா?"

"ஒருத்தர் சிரிச்சாரு. நான் கையை எடுத்த பொறவு."

பதினைந்து நாள் அவன் என்னோடு பேசவில்லை. ஆனால் மூன்று பாட்டையும் வெட்டிவிட்டான்.

மேலகரம் கொடைக்குப் போய்க் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்தேன். ஏஜெண்ட் முன்வரிசையில், இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேய் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தது. மாடசாமி சட்டென்று வில்லை நிறுத்தினான். கூட்டத்தைத் துழாவி என்னைக் கண்டுபிடித்தான்.

"ஏ முத்தையா, ரெண்டு கையையும் தூக்கும்."

ஊரே என்னைப் பார்த்தது. தூக்கினேன். பிறகுதான் பேய் தலையைக் கழற்றியது. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முன்வரிசையில் ஏஜெண்ட் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூக்கிய கையை இறக்க எனக்குத் தோன்றவே இல்லை.

தம்பிகளே, உங்கள் கொட்டகைக்கும் யாராவது புதுசாகப் பாட வருவார்கள். வந்தவன் உங்களுக்கு வேண்டியவனாக இருந்தால், வேடிக்கை வருகிற நேரத்தில் கையை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் தோள் ஆடினால் மட்டும் அவனிடம் போய்ச் சொல்லுங்கள்.