நான் சீவிய சிலிண்டர்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் மோட்டார் சைக்கிளை, ஒரு ஃபிட்டர் மேல் இருந்த வயிற்றெரிச்சலில் நானே கொன்றேன். ஒப்புக்கொள்ள இத்தனை வருஷம் ஆயிற்று. எரிச்சல் இன்னும் முழுதாக ஆறவில்லை.

முதல் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரங்கூனில் லான்மடாவ் பக்கம் ஒரு சாயாக்கடை. ஆபீஸ் விட்டதும் தமிழ்ப் பத்திரிகையை அங்கே உரக்கப் படிப்பது என் வழக்கம். துறைமுகத்து ஆட்கள் வாய் திறவாமல் கேட்பார்கள். குமாஸ்தா உத்தியோகத்தில் கிடைக்காத மரியாதை அது.

அப்போதுதான் மெசபடோமியாவிலிருந்து அந்த ஃபிட்டர் வந்து சேர்ந்தார். அங்கே பிரிட்டிஷ் படையின் போர் விமான எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவர். சிலிண்டருக்குள் அழுத்தத்தைக் கூட்டியதும் விமானம் எதிரிக்கு மேலே ஏறிய கதையைச் சொன்னார்.

"அப்புறம், அண்ணே?" என்றார் கடைக்கார பாய்.

நான் படித்த தலையங்கத்துக்கு அவர் ஒருநாளும் 'அப்புறம்' கேட்டதில்லை. ஃபிட்டர் அடுத்து ஏதோ எண்ணெய் விஷயம் தொடங்க, நான் வேண்டுமென்றே கப்பல் வரவு விவரத்தை இரைந்து படித்தேன்.

இந்த வித்தை எனக்கும் தெரியும் என்று காட்டாவிட்டால் இனி கடையில் என் குரல் எடுபடாது. நூலகத்தில் எஞ்சின் புத்தகம் ஒன்றைப் பாதி படித்தேன். லத்தா வட்டாரத்தில் கடைசல் பட்டறை வைத்திருந்த சீனரிடம், உள்ளே இடம் குறைந்து அழுத்தம் கூடட்டும் என்று, என் வண்டியின் சிலிண்டர் அடியைச் சீவச் சொன்னேன். நிச்சயமாகவா என்று அவர் இருமுறை கேட்டார். ஃபிட்டரிடம் யோசனை கேட்பதைவிட நடந்தே ஆபீஸ் போவேன் என்றிருந்தேன். அப்படியேதான் ஆயிற்று.

ஞாயிறு காலை கடைமுன் எல்லாரும் பார்க்க வண்டியைக் கிளப்பினேன். சூலே பகோடா வரை பறந்தேன். திரும்பும்போது எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல் சத்தம். வேகத்தின் அறிகுறி என்று நினைத்து இன்னும் முடுக்கினேன். கடைக்குப் பத்தடி முன்னால், அத்தனை பேர் எதிரில், வண்டி நின்றது.

ஃபிட்டர்தான் பிரித்துப் பார்த்தார். பிஸ்டன் தலையில் விரல் நுழையும் ஓட்டை.

"அன்னிக்கே சொன்னேனேய்யா. அழுத்தத்தக் கூட்டணும்னா மொதல்ல எண்ணெய மாத்தணும். நிலக்கரித் தாருலேர்ந்து எடுக்கிற பென்ஸால்ங்கிற எண்ணெய பெட்ரோல்ல கலந்து, எஞ்சின் இப்படி தட்டாம ஓடுதான்னு பாத்த பொறவுதான் எஞ்சின்ல கை வைப்போம். நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க."

குரலில் கேலியே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. உங்கள் விமானப் பட்டறையில் யாருமே இப்படிச் செய்ததில்லையா என்று, ஆறுதல் தேடிக் கேட்டேன்.

"ஒருத்தன் செஞ்சான்," என்றார் கையைத் துடைத்தபடி. "அவன சமையலுக்கு மாத்திட்டாங்க. நல்லா சமைச்சான்."