நேற்று யாரோடு சண்டை?

ஊசி குத்துமுன் ஏசம்மாள் யாரிடமும் நலம் விசாரிப்பதில்லை. "நேத்து வீட்டுல யாரு கூடச் சண்டை?" என்றுதான் கேட்பார். ஊறுகாய் ஜாடியை மனைவி பீரோவுக்குள் பூட்டிவைத்த கதையை ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் ஊசி ஏறியிருக்கும். செயலிழந்த சிறுநீரகத்தின் வேலையை டயாலிசிஸ் மெஷின் செய்யத் தொடங்கியிருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு வரும் நர்ஸ் அவர். டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளவுதான். கூடுதலாகக் குடித்தவரை எடை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அங்கே ஊசி போட்டுக்கொள்ளும் என் சித்தப்பா பெல்ட், செருப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டே எடை மெஷினில் ஏறுவார். "பல்செட்ட மட்டும் எதுக்கு விட்டுட்டிய அண்ணாச்சி?" என்பார் ஏசம்மாள்.

அளவு மீறாதவர் ஒருவர்தான். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஓட்டிய பொன்னுராஜ். அவருக்கு யாரோடும் சண்டையில்லை, தண்ணீரும் கேட்பதில்லை. அவரைக் காட்டித்தான் மற்றவர்களுக்குத் திட்டு விழும்.

மாசியில் ஒருநாள் அவர் மனைவி ஆவுடையம்மாள் வராந்தாவில் வைத்து உண்மையைச் சொன்னார். அது கட்டுப்பாடு இல்லை. மனுஷனுக்குப் பசியே இல்லை. தூக்கமும் போய்விட்டது. சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். இனி மெஷினுக்கு வரமாட்டேன் என்கிறார். வராவிட்டால் உயிர் தங்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஏசம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"சொன்ன பேச்சுக் கேக்குற ஆளுன்னுல்லா நெனச்சேன்," என்றார்.

அன்றே டாக்டரிடம் சொன்னார். மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை வரும் மனநல மருத்துவர் பொன்னுராஜைப் பார்த்து மாத்திரை எழுதினார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அதுவரை ஆளைத் தனியே விடாதீர்கள் என்றார். பொன்னுராஜ் மாத்திரையைத் தொடவில்லை. "எனக்கு என்ன கிறுக்கா?"

"கிறுக்குக்கு இல்ல அண்ணாச்சி. ரத்தத்துக்கு மெஷின் இருக்கு. மனசு சோந்து கெடக்கே, அதுக்கு என்ன வச்சிருக்கிய? அதுவும் ஒரு சீக்குதான்."

அதன் பிறகு பொன்னுராஜின் முறை வரும் நாள்களில் ஏசம்மாள் ராஜபாளையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து சத்திரப்பட்டி போனார். தம்பதியைக் கையோடு கூட்டிக்கொண்டே வேலைக்கு வந்தார். வழியெல்லாம் டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டு வருவாராம். பொன்னுராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருப்பாராம். மாத்திரையை ஆவுடையம்மாள் ஒருநாளும் தவறவிடாமல் கூடவே நின்று விழுங்கவைத்தார்.

பழத்திலுள்ள பொட்டாசியத்தை மெஷினே எடுத்துவிடும் என்பதால், அது ஓடும் முதல் மணி நேரத்தில் மட்டும், வீட்டில் விலக்கிய பழத்தில் ஒரு கீற்றுத் தின்ன டாக்டர் அனுமதிப்பார். போன வாரம் சித்தப்பாவுக்காகச் சப்பட்டை மாம்பழம் கொண்டுபோயிருந்தேன். தோல் சீவும்போதே, பக்கத்துக் கட்டிலிலிருந்து ஊசி இல்லாத கை நீண்டது.

"எனக்குக் கெடையாதாக்கும்?" என்றார் பொன்னுராஜ்.

ஏசம்மாள் என்னிடமிருந்து கத்தியை வாங்கினார். ஒரு கீற்றை நறுக்கி இரண்டாக்கி, பாதியை அந்தக் கையில் வைத்தார். தாகத்தோடு கிடப்பவர்கள் முன்னால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர், மீதிப் பாதியை அங்கேயே நின்று தன் வாயில் போட்டுக்கொண்டார்.