கோடாலியில் மூன்று பொட்டு

டிசம்பர் காலை என்றால் நாங்கள் குடியிருந்த கோர்படி லைன் முழுக்க ஈர விறகுப் புகை வாசம்தான்... கூடவே 'டொக்... டொக்' சத்தம். அப்பா கோடாலியை எடுத்துவிட்டார் என்று போர்வைக்குள் இருந்தபடியே தெரிந்துவிடும்.

குளிக்க வெந்நீர் வேண்டுமே! நடுவில் நெருப்பும் சுற்றிலும் தண்ணீருமாக வாசலில் ஒரு செம்பு பாய்லர். இங்கே அதை 'பம்ப்' என்பார்கள். விறகு பிளப்பது அப்பா. முதல் பக்கெட் யாருக்கு என்று சண்டை போடுவது நானும் தம்பியும்.

அந்தக் கோடாலிக்கு அப்பாவைவிட வயது அதிகம். ராணுவத்தில் கழித்த சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கியது. இரும்பில் அம்புக்குறி முத்திரை இருக்கும். வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு! பிடி வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருந்தார்.

ஆயுத பூஜைக்கு மட்டும் அது அம்மா கைக்குப் போகும். சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலால் மூன்று பொட்டு, வருஷா வருஷம் அதே இடத்தில். குளிர் வந்து மறுபடி விறகு பிளக்கும்வரை யாரும் துடைக்கக் கூடாது.

"ஏம்மே, இரும்புல ஈரத்த வச்சா துரு புடிக்கும்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"சாமிக்கு வச்சது. துருவுக்கும் சாமிக்கும் இன்னா சம்பந்தம்?"

அப்பா முணுமுணுப்பார். ஆனால் ஒரு தடவைகூடத் துடைத்ததில்லை.

இப்போது இரண்டு பேரும் இல்லை. தம்பி கனடாவில். நான் ரஞ்சன்காவ் கம்பெனியில் ரிட்டயர் ஆகி, சாங்வி ஃப்ளாட்டில் தனிக்கட்டை. கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்பது வேறு கதை, விடுங்கள்.

இந்த வருஷம் லாஃப்டைச் சுத்தம் செய்தபோது கோடாலி கிடைத்தது. தம்பிக்கு மெசேஜ் போட்டேன். மாசக்கணக்கில் பேசாதவன் உடனே கூப்பிட்டான்!

"அண்ணே, நல்லா பாலிஷ் போட்டு வையி. தீபாவளிக்கு வந்து எடுத்துக்கறேன். ஹால்ல மாட்டினா சூப்பரா இருக்கும்."

தீபாவளிக்கு வருகிறான்... எனக்கு வேறென்ன வேண்டும்? மறுநாளே கேம்ப் கடைத்தெருவில், பழைய சாமான்களைப் புதுப்பிக்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஹிந்தியில் சொன்னார்: "புதுக் கைப்பிடி போட்டுடலாம் சார். துரு ஒண்ணும் பிரச்சினையில்ல. இந்த மூணு குழிதான் ஆழம். கிரைண்டர்ல விட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும்."

குழியா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். விரல் நுனி அளவில், வரிசையாக மூன்று. அப்பா சொன்னது சரிதான், ஈரம் இரும்பைத் தின்றிருக்கிறது. ஆனால் தின்ற இடமெல்லாம் அம்மாவின் விரல்.

அவர் கிரைண்டரை ஆன் செய்துவிட்டார். "ருக்கோ, ருக்கோ!" என்று நான் போட்ட கத்தலில் பக்கத்துக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். பாலிஷும் வேண்டாம், கைப்பிடியும் வேண்டாம். உதிர்கிற துருவை மட்டும் துணியால் தேய்த்து, எண்ணெய் தடவித் தரச் சொல்லி வாங்கி வந்துவிட்டேன்.

தம்பிக்கு ஃபோட்டோ அனுப்பினேன். 'அம்மா வச்ச பொட்டுடா' என்று எழுதினேன்.

ஒரு கும்பிடு எமோஜி வந்தது. அப்புறம் வாய்ஸ் மெசேஜ்: "இவ்ளோ துருவோட எப்படிண்ணே மாட்டறது? நீயே வச்சுக்கோ. டிக்கெட்டும் கிடைக்கல, அடுத்த வருஷம் பாக்கலாம்."

கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

இன்று கீசர் சுவிட்சைத் தட்டினால் வெந்நீர். முதல் பக்கெட்டுக்குச் சண்டை போட ஆள் இல்லை, எல்லா பக்கெட்டும் எனக்குத்தான்.

ஆயுத பூஜையன்று சந்தனம் குழைத்து அதே மூன்று குழியில் வைத்தேன். என் விரல் தடி, பாதிதான் இறங்கியது. வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்... ரொம்ப நேரம். ஏன் ஈரத்தை வைத்தாய் என்று யாரும் திட்டவில்லை.

கடைசியில் 'துரு புடிக்கும்' என்று நானே முணுமுணுத்தபடி எழுந்து, துணி எடுத்துத் துடைத்தேன்.