அரிக்கேன் அணையவே இல்லை

போன புதன்கிழமை காலை எங்கள் பஸ் ஷெட்டில் புளோயர் சத்தம் பாதியில் நின்றுவிட்டது. அந்த நிசப்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். பத்தி எழுதாத நேரத்தில் நான் தேனியில் ஒரு பஸ் ஷெட்டுக்கு மேனேஜர் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். யுத்தம் வந்ததும் பெட்ரோல் போயிற்று. இப்போது பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உருளை. அதற்குப் பெயர் கேஸ் பிளாண்ட். கரியைக் கொட்டிப் பற்றவைத்து, புளோயர் என்ற காற்று விசிறியின் கைப்பிடியைச் சுற்றினால் கேஸ் வரும். குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்டுவோம். நீலமாக எரிந்தால் பஸ் கிளம்பலாம்.

காலையில் சுற்றுகிறவர் ஃபிட்டர் தேவசகாயம். போடிக்காரர், நாலு பெண்களுக்குத் தகப்பன், அதிகம் பேசமாட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கரி நனைந்தால் பஸ் சின்னமனூர்கூடத் தாண்டாது. ஆகவே ஷெட் கதவுகளைச் சாத்தி, இடுக்கெல்லாம் சாக்குத் தொங்கவிடச் சொன்னேன். சொன்னது நான்தான் - வேறு யாரும் இல்லை.

மூன்றாம் நாள் தேவசகாயம் வந்து நின்றார். தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, குமட்டுகிறது, முழங்கால் துவள்கிறது, ஒரு கதவையாவது திறக்கலாமா என்றார். மழைக்குளிர் என்றேன். சுக்குக் காப்பி குடிக்கச் சொன்னேன். மேனேஜர்களுக்கு வைத்தியம் தெரியாத வியாதி உண்டா?

ஆனாலும் மனசு உறுத்தியது. டிரைவர் முத்துக்கருப்பனிடம் கேட்டேன். மயிலாடும்பாறைக்காரர், பரம்பரையாகக் கிணறு வெட்டுகிற குடும்பம். அவர் ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றி, கதவு சாத்திய ஷெட்டுக்குள் தரையில் வைத்தார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம்.

"எங்கய்யா கெணத்துல எறங்குமுன்ன வெளக்கத்தான் எறக்குவாக. அணைஞ்சா கெட்ட காத்து. இங்கன பாருங்க, நின்னு எரியுது."

எனக்குப் பெரிய நிம்மதி. தேவசகாயமும் நம்பினார். மறுநாளிலிருந்து விளக்கைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சுற்றினார்.

அப்புறம்தான் அந்தப் புதன்கிழமை.

சத்தம் நின்றதும் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தேன். தேவசகாயம் புளோயர்மேல் கவிழ்ந்து கிடந்தார். கை இன்னும் கைப்பிடியில். பக்கத்தில் அரிக்கேன்... சுடர் ஆடாமல், அழகாக எரிந்துகொண்டிருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை. விளக்கும் எரிகிறது, ஆளும் விழுந்து கிடக்கிறான் என்றால் எதை நம்பி உள்ளே போவது? ஒருவழியாக நாலடி வைத்தேன். தலை கிறுகிறுத்தது. முழங்கால் மடங்கியது. அவர் சொன்ன அதே முழங்கால்! என் சட்டையை யாரோ பிடித்து வெளியே இழுத்தது மட்டும் தெரிந்தது.

முத்துக்கருப்பன்தான். கதவுகளை அகலத் திறந்து, சாக்குகளைப் பிய்த்தெறிந்து, முண்டாசால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்த் தேவசகாயத்தையும் இழுத்துவந்து மழையில் கிடத்தினார். மூச்சு இருந்தது - இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். நாலு பெண்களின் முகமும் என் கண்முன் வந்தது. அவர் வாந்தியெடுத்துக் கண் விழிக்கும்வரை நானும் மழையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"அந்த கேஸத்தான் தெனமும் தீக்குச்சி வச்சு எரிச்சுப் பாக்குறோம். தானா எரியிற கேஸு... அதுவா சார் வெளக்க அணைக்கும்?"

தினமும் அந்த நீலச் சுடரைப் பார்த்துத்தான் பஸ்ஸை அனுப்புகிறேன். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லையே! விளக்கை அணைக்கிற கிணற்றுக் காற்று வேறு, ஆளை மட்டும் சாய்க்கிற கரிக் காற்று வேறு என்று அப்புறம் டாக்டர் விளக்கினார். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

இப்போது ஷெட்டுக்குக் கதவே கிடையாது. கழற்றிவிட்டேன். கரி நனைகிறது, பஸ் அரைமணி தாமதமாகக் கிளம்புகிறது. கம்பம் வாசகர் ஒருவர் என்னைத் திட்டி இரண்டு கார்டு போட்டிருக்கிறார். இன்னும் நாலு போடட்டும்.

விளக்கு நன்றாக எரிகிறது என்று யாராவது சொன்னால், நான் இப்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் ஆளைத்தான் பார்க்கிறேன்.