பெயருக்கு முன் ஒரு தேநீர்

எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, பெயர் வர வேண்டிய இடத்தில் பேனாவை மூடிவிடுகிறார் ஷினாவா. எதிரே உட்கார்ந்திருப்பவர் விழிக்கிறார்.

"போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. திரும்பி வந்தா பேரை எழுதுறேன். வரலேன்னா நான் உங்களைப் பாக்கவே இல்லை."

ஈராக்கின் பஸ்ராவில் நீதிமன்றச் சுவரை ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கும் பதினோரு மனு எழுத்தர்களில் அவர் ஏழாவது. மற்ற மாதங்களில் விவாகரத்து, வாடகைத் தகராறு, தொலைந்துபோன பத்திரம். நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கினால் வேறு மாதிரி ஆட்கள் வருகிறார்கள். பாதிக் குரலில் பேசுகிறார்கள். முதலாளி வாக்காளர் அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். குலத் தலைவர் தன் ஆளுக்கே வாக்கு என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கிவிட்டார். சுவரொட்டியைக் கிழித்ததாகத் தம்பியைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

ஷினாவாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. வாயில் எப்போதும் ஏலக்காய். புகார் சொல்ல வருபவர் முதலில் தன் கைபேசியை அணைத்து, அவருடைய நாற்காலி மெத்தைக்கு அடியில் வைக்க வேண்டும். எழுதும்போது இடது கால் நிற்காமல் ஆடும். மூத்த மகன் பெயரைச் சேர்த்து அவரை அபூ லைத் என்று கூப்பிடும் பக்கத்து நாற்காலிக்காரர் தாமிர் விடமாட்டார்.

"அபூ லைத், அந்தக் காலுக்கு அடியில ஒரு தையல் மிஷினை வெச்சிருந்தா இந்நேரம் ஊருக்கே சட்டை தெச்சிருப்பே!"

"தெச்சிருப்பேன். உன் வாயையும் சேத்து."

பெயரில்லாத புகாரைத் தேர்தல் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள். மனுதாரர் பெயர், அவருடைய அம்மா பெயர், முகவரி, கைரேகை எல்லாம் வேண்டும். போன தேர்தலில், மாவு ஆலைச் சுமைதூக்கி ஒருவருக்கு, அவசரத்தில் எடுத்த எடுப்பிலேயே பெயரை எழுதிவிட்டார் ஷினாவா. மறுநாள் அதன் நகல் ஆலை முதலாளியின் மேசையில் கிடந்தது. யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அந்தச் சுமைதூக்கி ஒரே வாரத்தில் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் இந்தத் தேநீர். பத்துப் பேர் போனால் நாலு பேர் திரும்புகிறார்கள். திரும்பாதவர்களின் தாளைக் கிழித்து, துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போடுகிறார்.

தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கும்போது, காலையில் ஃபக்ரியா வந்தார். துப்புரவு ஒப்பந்தக்காரரிடம் வேலை. மேற்பார்வையாளன் முப்பத்தொரு பெண்களின் அட்டைகளையும் வாங்கி வைத்திருக்கிறான். வாக்குப்பதிவு நாளில் பஸ்ஸில் ஏற்றிப் போய், சாவடி வாசலில்தான் கையில் கொடுப்பானாம்.

"உள்ளேயும் கூடவே வருவேங்கிறான், ஹஜ்ஜி. யாருக்குப் போடுறோம்னு பாக்கணுமாம்."

"முப்பத்தொரு பேர்ல ஒருத்தருமா பேசலை?"

"பேசாம என்ன? கக்கூஸ் கழுவுறப்ப எல்லாரும் பேசுறோம்."

ஷினாவா சிரிக்கவில்லை. எழுதினார், இரண்டு முறை படித்துக் காட்டினார், பேனாவை மூடினார்.

"என் பேரைப் போட்டா வேலை போயிடுமா?"

"போகலாம்."

"போடலேன்னா?"

"இது வெறும் தாளு. அட்டை முப்பத்தொண்ணும் அவன் கையில."

ஃபக்ரியா தேநீர்க் கடைப் பக்கம் போனார். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது. கடையில் அவருடைய கறுப்பு அபாயா அங்கியைக் காணோம். ஷினாவா ஏலக்காயைத் துப்பிவிட்டு, கிழிப்பதற்காகத் தாளின் மூலையைப் பிடித்தார்.

ஃபக்ரியா பின்பக்கச் சந்திலிருந்து மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். "டீக்கடைகிட்ட அவன் வெள்ளை வண்டி நிக்குது. சுத்திக்கிட்டு வந்தேன். எழுதுங்க."

"தங்கச்சி, நல்லா யோசிச்சியா?"

"அதான் வந்துட்டேனே. எழுதுங்க ஹஜ்ஜி, மனசு மாறுறதுக்குள்ள ரேகையை வெச்சிடுறேன்."

"அம்மா பேரு?"

"ஸப்ரியா."

மை அட்டையை நீட்டியபோது, அந்த வெள்ளை பிக்கப் வண்டி நடைபாதையை ஒட்டி மெதுவாக ஊர்ந்து வந்தது. ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டே வந்தது. ஃபக்ரியாவின் விரல் அந்தரத்தில் நின்றது.

"திரும்பாதே. தாளைப் பாரு," என்றார் ஷினாவா.

எழுந்தார். வெயிலுக்கு நட்டிருந்த பெரிய குடையைக் கம்பத்தோடு பிடுங்கி, சாலைப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். ஃபக்ரியா முழுதாக மறைந்துபோனார். அவர் கட்டைவிரல் தாளில் அழுந்தியது. குடைக்கு வெளியே, முழு வெயிலில் ஷினாவா. வண்டியின் கண்ணாடி இறங்கி ஒரு கைபேசி நீண்டது. படம் சரியாக விழட்டும் என்பதுபோல் ஷினாவா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தை நிமிர்த்திக் காட்டினார்.