சுளகு சொல்லும் தீர்ப்பு

நான் படம் பார்ப்பது முருங்கையிலை ஆய்ந்துகொண்டுதான். சுளகில் இலை மளமளவென்று குறைந்தால் படம் கூடாது. கை தானாக நின்றுவிட்டால் நல்ல படம். என் கணவர் கும்பிடும் பழைய படங்களில் கதாநாயகி அழத் தொடங்கினால், இலை முழுவதும் ஆய்ந்து முடிந்துவிடும்; அவள் அழுது முடிந்திருக்க மாட்டாள். புதுப் படங்கள் அதைவிட மோசம். கதாநாயகன் காரிலிருந்து இறங்கி நடந்து வருவதற்குள், கொழும்புத்துறையில் வாங்கிய இறாலையும் உரித்துவிடுவேன்.

"உமக்குப் படம் பாக்கத் தெரியாது," என்பார் கணவர். அவருக்குச் சினிமா கறுப்பு வெள்ளையோடு முடிந்துவிட்டது.

போன சனிக்கிழமை பின்னேரம் தொலைக்காட்சியில் ஒரு புதுப் படம். ஒரு தாயும் மகளும் வீடு மாறுகிறார்கள், அவ்வளவுதான் கதை. சண்டையில்லை, பாட்டில்லை. "உதெல்லாம் ஒரு படமே?" என்றார் கணவர். ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை. பாதியில், இரவுப் புட்டுக்கு முருங்கையிலை வறை வறுக்க நேரமாகிறதென்று நான் சுளகைத் தூக்கினேன்.

"கொஞ்சம் இரும். அந்தப் பிள்ளை என்ன சொல்லுதெண்டு பாப்பம்," என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

இருந்தேன். படம் முடிந்தபோது சுளகில் இலை போட்டது போட்டபடி கிடந்தது.

அன்று இரவு அவர் புட்டைச் சீனியோடு சாப்பிட்டார். வறை எங்கே என்று கேட்கவில்லை.